கடிக்கும் முன் நாய் சொல்வதெல்லாம்: தோட்டப்புற ஊர்களில் நாயின் உடல்மொழியைப் படிக்கும் முறை

"நான் ஒன்றும் செய்யவில்லை, திடீரென்று கடித்துவிட்டது." மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் கிளினிக் பெஞ்சில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. நாய் முன்கூட்டிச் சொன்ன எதுவும் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். முகத்தைத் திருப்பியது, மூக்கை நக்கியது, அசையாமல் விறைத்து நின்றது, அடித்தொண்டையில் உறுமியது. இத்தனைக்கும் பிறகுதான் பல் பட்டிருக்கும்.

இந்த வழிகாட்டி நாய் வளர்ப்பவருக்கு மட்டுமல்ல. விடியுமுன் செம்பனை ஆலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர், வீடுவீடாக கேஸ் தோம்பு இறக்குகிறவர், குறுக்குவழியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, நாய் தன்மேல் பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கி நடக்கும் அண்டை வீட்டார் ஆகிய எல்லோருக்கும் நாயோடு தினமும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

தோட்டப்புற ஊருக்கென்று தனியாக எழுதக் காரணம் உண்டு. கமுனிங், ஹீவுட், டோவன்பி போன்ற தோட்டங்களில் லயத்து நாய் (தொழிலாளர் வரிசை வீடுகளின் நாய்) என்றால் அது எல்லோருக்கும் பொது. விடிகாலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஆட்களோடு ஆளாக நிற்கும், பால்மரம் சீவப் போகிறவர் பின்னாலேயே காட்டுக்குள் போகும், பாம்பையும் காட்டுப்பன்றியையும் கண்டால் குரைத்துக் காட்டும். அதைக் கட்டிப்போட்டவர் குறைவு. ஓர் ஆளைப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து லயத்தின் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், நாயும் கூடவே வந்தது. ஒரு கார் நிற்கும் அளவுக்கு முன்வாசல், அதற்கொரு இரும்புக் கேட், கழுத்தில் சங்கிலி. சோறு முன்பைவிட நன்றாகவே கிடைக்கிறது. விலகிப்போக இடம்தான் இல்லை. இன்றைய தாமான் நாய்களின் குரைப்பையும் கடியையும் பற்றி ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் நாயின் உடல் பேசுவதில் பெரும்பகுதி இடைவெளியைப் பற்றியதுதான். கிட்டே வா, அங்கேயே நில், விலகிப் போ. இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதல் படி: எட்ட நின்று உடம்பு முழுவதையும் பாருங்கள்

நம்மில் பலர் நேராக வாலைப் பார்க்கிறோம். வாலை மட்டும் பார்த்து நாயை மதிப்பிடுவது, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருள் சொல்வதற்குச் சமம். முதலில் பார்க்க வேண்டியது உடல் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. முன்னங்கால்களில் எடையைப் போட்டு, கழுத்தை நீட்டி, நெஞ்சை முன்தள்ளி நிற்கும் நாய் முன்னே வர நினைக்கிறது. வருவது விளையாடவா, விரட்டவா என்பது அடுத்த கேள்வி. எடை பின்னங்கால்களில் இருந்தால், முதுகு கூனியிருந்தால், அது விலக நினைக்கிறது. மூக்கு உங்கள் பக்கம் நீண்டு, பின்னங்கால்கள் மட்டும் ஓடத் தயாராக இருந்தால் அதற்கு ஆசையும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட நாயிடம் கையை நீட்டாதீர்கள். அதுவே மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது இறுக்கமா, தளர்வா? மகிழ்ச்சியான நாயின் உடம்பு வளைந்து நெளியும். வாலோடு இடுப்பும் ஆடும், வாய் லேசாகத் திறந்திருக்கும். உடம்பு பலகையாக விறைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, வால் நுனி மட்டும் மேலே நின்று படபடவென்று அடித்தால், அந்த வாலாட்டலை நட்பு என்று எடுத்துக்கொண்டவர் பிறகு கிளினிக் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உறுப்பு உறுப்பாக

வாலைப் பற்றி நல்ல ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நாய் தன் எஜமானரைப் பார்க்கும்போது வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகவும், மிரட்டலாகத் தோன்றும் அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுவதைக் கண்டார்கள். மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கையாள்வதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். படிக்கச் சுவையான செய்தி. ஆனால் தெருவில் நின்றுகொண்டு வலமா இடமா என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. வாலின் உயரமும் வேகமும் போதும். அந்த நாய் வழக்கமாக வைத்திருப்பதைவிட உயர்ந்து விறைத்தால் கிளர்ச்சி, தாழ்ந்தால் தயக்கம், வயிற்றோடு ஒட்டினால் பயம். இதில் "வழக்கமாக" என்பது முக்கியம். நம் ஊர் நாட்டு நாய்களில் பலவற்றுக்கு வால் இயல்பாகவே சுருண்டு முதுகுமேல் இருக்கும். அதைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது.

காதும் அப்படியே. நிமிர்ந்த காது முன்னே குவிந்தால் கவனம். தலையோடு ஒட்டிப் பின்னே படிந்தால் பயம் அல்லது பணிவு. தொங்கு காது நாயில் நுனியைப் பார்க்காமல் காதின் அடிப்பாகத்தைப் பாருங்கள்.

கண்ணுக்கு வருவோம். சாதாரணமாக நாயின் கண்ணில் வெள்ளைப் பகுதி அதிகம் தெரியாது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி, வெள்ளை பிறைபோலத் தெரியப் பார்க்கிறது என்றால் அது நெருக்கடியில் இருக்கிறது. எலும்பைக் காத்துக்கொண்டிருக்கும் நாயிடமும், குழந்தை கட்டிப்பிடித்திருக்கும் நாயிடமும் இந்தப் பார்வையைக் காணலாம். கைப்பேசியில் "எவ்வளவு பொறுமையான நாய்" என்று பகிரப்படும் படங்களில் பாதி இப்படிப்பட்டவைதான். எனக்கு அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. இமைக்காத நேர்ப்பார்வை வேறு வகை. உடம்பு விறைப்போடு அது சேர்ந்தால் மிரட்டல். உள் புருவத்தைத் தூக்கி நம்மைக் கரைக்கும் அந்தப் பரிதாபப் பார்வைக்குத் தனித் தசையே இருக்கிறது. நாய்களிடம் நன்கு வளர்ந்திருக்கும் அத்தசை ஓநாய்களிடம் அப்படி இல்லை என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்து பெற்ற வரம். பிஸ்கட் கேட்கும்போது அதை நன்றாகவே பயன்படுத்துகிறது.

வாய்: நம் வெயிலுக்கு நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது இயல்பு, உடம்பைக் குளிர்விக்க அதற்குள்ள முக்கிய வழி அதுதான். ஆனால் மழை பெய்து குளிர்ந்த மாலையில், ஓடாமல் ஆடாமல் இருக்கும்போது, வாயோரம் பின்னே இழுபட்டு மூச்சிரைத்தால் அது பதற்றம் அல்லது வலி.

பிடரியிலும் முதுகிலும் மயிர் சிலிர்ப்பதை எல்லோரும் கோபம் என்கிறார்கள். அது தானாக நிகழும் கிளர்ச்சி. பயத்திலும் வரும், விளையாட்டின் உச்சத்திலும் வரும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: சின்னச் சின்னச் சைகைகள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகாஸ், நாய்கள் சண்டையைத் தவிர்க்கவும் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ளவும் செய்யும் சைகைகளைத் தொகுத்து "அமைதிச் சைகைகள்" என்று பெயரிட்டார். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி. முன்னால் தீனி இல்லாதபோது மூக்கை நக்குதல். முகத்தை ஒரு பக்கம் திருப்புதல். கண்ணைச் சுருக்குதல். ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்றல். ஒன்றுமில்லாத தரையை மும்முரமாக மோந்து பார்த்தல். நேராக வராமல் வளைந்து சுற்றி வருதல். உடம்பு நனையாதபோதும் குளித்துவிட்டு வந்ததுபோல் உதறுதல்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் அதற்குச் சாதாரணப் பொருளும் உண்டு. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த நாய் விடும் கொட்டாவி வெறும் கொட்டாவி. ஆகவே எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி: இதற்குச் சற்று முன் என்ன நடந்தது? மாமா வீட்டுக்கு வந்தார், நாயின் தலைக்கு மேலே குனிந்து கையை நீட்டினார், நாய் முகத்தைத் திருப்பி மூக்கை நக்கியது. மூன்றும் சேர்ந்தால் செய்தி தெளிவு: "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்." மாமா தள்ளி நின்றால் நாயின் தோள் தளர்வதை நீங்களே பார்க்கலாம். ஆனால் அவர் "எனக்கு நாய் என்றால் உயிர், என்னை ஒன்றும் செய்யாது" என்று மேலும் குனிவார். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமா இருக்கிறார்.

உதறலை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நெருக்கடி கடந்த பின் வரும். கால்நடை மருத்துவர் மேசையிலிருந்து இறக்கியதும் வரும், இரு நாய்கள் விறைப்பாக மோந்துகொண்டு பிரிந்ததும் வரும். அதைக் கண்டால், சற்று முன் நடந்தது அந்த நாய்க்குப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: ஏணியில் நாய் எங்கே நிற்கிறது?

பிரிட்டனின் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இந்தச் சைகைகளை ஓர் ஏணியாக அடுக்கிக் காட்டினார். அடிப்படியில் இமைத்தல், கொட்டாவி, மூக்கு நக்கல். அதற்கு மேல் தலையைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், விலகி நடத்தல். பிறகு காது படிய ஊர்தல், வாலை ஒடுக்கிக் கூனி நிற்றல், மல்லாந்து காலைத் தூக்கிப் படுத்தல். பிறகு விறைத்து வெறித்துப் பார்த்தல், உறுமல், காற்றைக் கடித்தல். உச்சியில் கடி.

இரண்டு செய்திகளை இந்த ஏணி சொல்கிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது எப்போதும் "சொறிந்துவிடு" என்ற அழைப்பல்ல. உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, நெளிந்துகொண்டே மல்லாந்தால் சொறியலாம். விறைத்து, வால் ஒடுங்கி, வாய் இறுகி மல்லாந்தால் அது "விட்டுவிடு" என்ற கெஞ்சல். அந்த நேரத்தில் வயிற்றில் கை வைப்பது அதன் கடைசிப் பொறுமையைச் சோதிப்பதாகும்.

இரண்டாவது, கீழ்ப்படிகள் பலிக்காவிட்டால் நாய் அவற்றைக் கைவிடக் கற்றுக்கொள்கிறது. உறுமினால் செருப்படி விழும் வீட்டில் வளரும் நாய் உறுமுவதை நிறுத்திவிடும். வீட்டார் "திருந்திவிட்டது" என்பார்கள். அதன் பயம் அப்படியே இருக்கிறது. எச்சரிக்கை மட்டும்தான் போய்விட்டது. அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். உறுமும் நாய் உங்களுக்கு நல்லது செய்கிறது. நின்றுவிடுங்கள், பின்வாங்குங்கள், எது அதை உறும வைத்தது என்று யோசியுங்கள். அடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: குரல்

குரைப்பில் சுருதியைக் கேளுங்கள். கனத்த, இடைவெளி குறைந்த தொடர் குரைப்பு "யாரோ வருகிறார்கள், விலகிப் போ" என்பது. உயர்ந்த குரலில் விட்டு விட்டு வருவது தனிமை அல்லது ஏதோ ஒன்றைக் கேட்பது. மணிக்கணக்காக ஒரே தாளத்தில் குரைக்கும் சங்கிலி நாய்க்கு வேறு வேலை இல்லை. அதற்கு நடை வேண்டும், கண்டிப்பு எதற்கும் உதவாது. விளையாட்டிலும் உறுமல் உண்டு. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி அழைத்த பிறகு வரும் உறுமல் வெறும் ஆர்ப்பாட்டம். நாய்கள் முறை மாற்றிக்கொண்டு துரத்துகின்றனவா, நடுவில் சற்று நிறுத்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்றே எப்போதும் ஓடுகிறது, ஒளிய இடம் தேடுகிறது என்றால் அங்கே விளையாட்டு முடிந்துவிட்டது.

ஊளையைப் பற்றி நம்மவர்களுக்கு அச்சம் அதிகம். எமன் தெரிகிறான் என்பார்கள். ஆலைச் சங்கு, ஆம்புலன்ஸ், பள்ளிவாசல் பாங்கு, கோவில் நாகஸ்வரம் என்று நீண்டு இழையும் ஓசைகளுக்கு நாய் பதில் குரல் கொடுக்கிறது. எமன் வருகிற நேரமெல்லாம் ஆலைச் சங்கு ஊதும் நேரமாக இருப்பதைக் கவனித்தால் பயம் போய்விடும்.

கேட், சங்கிலி, சாலை

கேட்டுக்கு உள்ளே இருக்கும் நாய் கம்பியில் பாய்ந்து குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். நாயின் கணக்கில் அது குரைத்ததால்தான் அவர் போனார். தினமும் அதற்கு வெற்றி. ஆண்டுக்கணக்கில் வென்று பழகிய நாயின் கேட் ஒருநாள் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்துத் தெருவைப் பார்க்கவிடாமல் செய்வது மலிவான, பலன் தரும் வேலை. தபால் பெட்டியை நாய் எட்டாத மூலைக்கு மாற்றுங்கள்.

சங்கிலி நாயிடம் யாராக இருந்தாலும் அதன் வட்டத்துக்குள் போகாதீர்கள். விலக முடியாத நாய்க்கு ஏணியின் நடுப்படிகள் இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நிழல், தண்ணீர், படுக்க உயரமான இடம், தினமும் இரண்டு வேளை நடை ஆகியவை வேண்டும். நாயை வதைப்பதும் புறக்கணிப்பதும் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அபராதம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை, சிறையும் உண்டு. ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமத்தையும் ஆண்டுதோறும் எடுத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளை விரட்டும் நாய்: பலருக்குக் காயம் கடியால் வருவதில்லை, பதறி ஹேண்டிலைத் திருப்பி விழுவதால்தான். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு, வேகம் கூடினால் அதன் ஆசையும் கூடும். தொலைவில் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள், நேராகச் செல்லுங்கள், காலால் உதைக்காதீர்கள். பின்னால் வண்டி இல்லையென்றால் ஓரமாக நிறுத்தலாம். நின்ற வண்டியை என்ன செய்வதென்று பெரும்பாலான நாய்களுக்குத் தெரியாது. இரண்டு குரைப்போடு திரும்பிவிடும்.

நடந்து போகும்போது கூட்டம் சூழ்ந்தால் ஓடாதீர்கள். நின்று, பக்கவாட்டாகத் திரும்பி, கைகளை மார்போடு கட்டி, எந்த நாயின் கண்ணையும் வெறிக்காமல், சிறிது சிறிதாகப் பின்வாங்குங்கள். பையோ குடையோ இருந்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் நம் ஊர்த் தெரு நாய் பெரும்பாலும் ஓடிவிடும், உண்மைதான். கல்லடி பட்ட அனுபவம் அதற்கு உண்டு. ஆனால் குட்டி போட்ட தாய்நாயிடமும், ஓடை ஓரத்திலோ சுவர் மூலையிலோ சிக்கிய நாயிடமும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். ஓட வழியில்லாதது பாயும்.

முனியாண்டி கோவில் வாசலில் படுத்திருக்கும் நாயும், ஒட்டுக்கடை மேசைக்கடியில் கிடக்கும் நாயும் பொதுவாக ஊரிலேயே நிதானமானவை. நாள் முழுதும் ஆட்களைப் பார்க்கின்றன, பிடிக்காவிட்டால் எழுந்து போகின்றன. தூங்கும்போது மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நாய் உண்ணும்போது கிட்டே போகாதீர்கள். கோழி எலும்பை வாயிலிருந்து பிடுங்காதீர்கள். அதைவிட நல்ல ஒன்றைத் தள்ளிப் போட்டு, அது அங்கே போனதும் எடுங்கள்.

முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கிறது. உங்கள் நாய் வாலாட்டி மேலே தாவுவது அன்பாகவே இருக்கலாம். அவருக்கு அது பெரும் சிரமம். வாரைக் குறுக்கிப் பிடித்துச் சாலையின் மறுபக்கம் நடப்பது உங்கள் பொறுப்பு. அவர் கையை உதறி, குரலை உயர்த்தி, பின்னே தாவினால் நாய்க்கு அது விளையாட்டாகவோ மிரட்டலாகவோ தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டுப் பார்க்கும் முறை

உங்கள் சொந்த நாயிடமே இதைச் செய்து பாருங்கள். அருகில் பக்கவாட்டாக உட்காருங்கள். அதுவாக வந்தால் மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ மூன்று விநாடி தடவிக் கையை எடுத்துவிடுங்கள். முன்னே சாய்ந்தால், மூக்கால் கையை இடித்தால், தொடரலாம். அசையாமல் நின்றால், முகத்தைத் திருப்பினால், உதறினால், போதும் என்று பொருள். உச்சந்தலையில் தட்டுவதும் கழுத்தைக் கட்டிக்கொள்வதும் மனிதருக்குத்தான் பாசம். பல நாய்கள் அதைச் சகித்துக்கொள்கின்றன.

பிள்ளைகளுக்கு மூன்று விதி போதும்: தூங்கும் நாயை, தின்னும் நாயை, குட்டியோடு இருக்கும் நாயைத் தொடாதே. பெரியவர்களுக்கு ஒன்று: சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விடாதீர்கள், அது எத்தனை ஆண்டு வளர்த்த நாயாக இருந்தாலும் சரி.

"தப்பு செய்தது அதற்கே தெரியும்"

செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக் கண்ணைச் சுருக்கும் நாயைப் பார்த்து இப்படிச் சொல்லாதவர் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. திட்டு விழுந்தால் அந்த முகம் வருகிறது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அதிகமாக வந்தது. நீங்கள் பார்ப்பது உங்கள் கோபத்துக்கு அது காட்டும் சமாதானம். ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதால் செருப்பு தப்பாது.

"நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாத்திப் போட்டு அழுத்து" என்பவர்களும் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். இந்தக் கருத்தின் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கி எழுதினார்; தலைமைக்கு ஓயாத சண்டை அங்கே இல்லை. அடைத்து வைத்த விலங்கைப் பார்த்து எழுதிய விதியை, அடைத்து வைத்த நாய்மேல் பயன்படுத்தினால் பயம் கூடும், கடி கூடும்.

பட்டாசும் உறுமி மேளமும்

தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் என்று நமக்கு ஆண்டுக்கு மூன்று பட்டாசுப் பருவங்கள். நடுவில் கோவில் திருவிழா, பேராவின் மாலை இடி. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது, நாயின் காது சுமார் 45,000 வரை. நடுக்கம், எச்சில் ஒழுகல், உண்ணாமை, கட்டிலுக்கடியில் ஒளிதல் எல்லாம் பயத்தின் வெளிப்பாடு. பட்டாசு வெடிக்கும் நாளுக்கு முந்தியே ஓர் உள்ளறையைத் தயார் செய்யுங்கள்: திரை, மின்விசிறி, வானொலி, பழைய துணி. இருட்டுமுன் நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். அன்றிரவு ஓடிப்போகும் நாய்கள் அதிகம். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு. அது வந்து ஒட்டினால் கூட இருங்கள், ஒளிந்தால் இழுக்காதீர்கள். கடும் பயம் என்றால் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்கலாம். உங்கள் வீட்டுப் பாராசிட்டமாலையும் தூக்க மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

குணம் மாறினால் உடம்பைப் பாருங்கள்

சாதுவான நாய் திடீரென்று தொடவிடாமல் உறுமினால் முதலில் வலியைத் தேடுங்கள்: காதில் சீழ், பல், இடுப்பு மூட்டு, வாலடியில் புண். செம்பனை ஓரம் சுற்றும் நாய்களுக்கு உண்ணி தீராத தொல்லை. உண்ணிக் காய்ச்சலில் சோர்வு, ஈறு வெளுத்தல், உண்ணாமை வரும். ஈறைத் தூக்கிப் பார்க்கப் பழக்குங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மழை இரவில் நாய் திடீரென்று வாயில் நுரை தள்ளித் தலையை உதறினால் தேரையைக் கடித்திருக்கலாம். வாயைப் பக்கவாட்டில் நீர் வழியும்படி கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

வெறிநோயை ஒதுக்கிவிட முடியாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியது. சரவாக்கில் 2017-இல் தொடங்கிய பரவல் பல உயிர்களைப் பறித்தது. காரணமில்லாமல் தாக்குதல், தள்ளாட்டம், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல் ஆகியவை தெரிந்தால் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். வெறி பிடித்த நாய் சிலவேளை மிகவும் அடங்கிப்போய்க் கிடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடித்துவிட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதை 10 நாள் கண்காணித்து நலமாக இருக்கிறதா என்று அறிவது சிகிச்சை முடிவுக்கு உதவும்.

புதிதாகக் குட்டி எடுப்பவருக்கு

குட்டியின் மனம் உலகத்தைத் தயங்காமல் ஏற்கும் காலம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை. அதற்குள் பழகியதைப் பிற்காலத்தில் பயப்படுவது குறைவு. ஆனால் பார்வோ என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசிகள் முடியாத வயதும் அதுதான், ஆகவே தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் தாத்தா, பள்ளிச்சீருடைப் பிள்ளைகள், தலையில் முக்காடு போட்ட அக்கா, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, இரவுச் சந்தையின் இரைச்சல் எல்லாவற்றையும் எட்டத்திலிருந்து காட்டுங்கள். கொட்டாவி விட்டால், மூக்கை நக்கினால், முகத்தை உங்கள் கைக்குள் புதைத்தால் இன்னும் சற்றுத் தள்ளிப் போங்கள். தீனியை வாங்கித் தின்னும் தூரமே சரியான தூரம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து எடுக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற பாடத்தைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும்தான்.